அப்பா பரோட்டா மாஸ்டர், எனக்குக் கற்றுத்தர மாட்டேன் என்கிறார்

சாத்தூர்க்காரி:
எங்கள் அப்பா 26 வருஷமாகப் பரோட்டா மாஸ்டர். முதலில் ஊர் ஊராகப் போய் அடுத்தவர் கடையில் கல்லில் நின்றார், ஒன்பது வருஷமாகச் சொந்தமாக ஒரு ராத்திரிக் கடை. விருதுநகர்ப் பக்கம் என்பதால் எண்ணெய்ப் பரோட்டாதான் அதிகம் போகும். நான் பி.காம். முடித்துவிட்டுக் கடைக் கணக்கு, பார்சல், சால்னாவுக்கு மசாலா அரைப்பது என்று எல்லாம் பார்க்கிறேன், கல்லைத் தவிர.

போன தீபாவளியிலிருந்து அப்பாவுக்கு வலது தோளைத் தூக்க முடியவில்லை. சம்பளத்துக்கு வைத்த மாஸ்டர் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு இரண்டாவது வாரமே காணாமல் போய்விட்டார். சரி, நானே நிற்கிறேன் என்றால், “பொம்பளைப் பிள்ளை, நாலு பேர் பார்க்கக் கல்லு முன்னாடி நின்னு வேர்த்து வடியணுமா நீ?” என்கிறார். அதற்கு மேல் பேச்சே இல்லை. அவர் தூங்கும்போது நாலு உருண்டையை எடுத்து வீசிப் பார்த்தேன், இரண்டாவது வீச்சிலேயே நடுவில் கிழிந்து முழங்கை வரை ஒட்டிக்கொண்டது. பெண்களுக்குக் கையில் பலம் பத்தாது என்பது உண்மைதானா?

கல்லடி மாஸ்டர்:
தங்கச்சி, பலத்துக்கும் வீச்சுக்கும் சம்பந்தமே இல்லை. பலம் வேண்டியது பிசைவதற்கு, அதற்கு இப்போது மெஷினே வந்துவிட்டது. கிழிந்தது மாவால். பிசைந்ததும் அரை மணி நேரம் ஈரத்துணி போட்டு மூடி வை, உருண்டை பிடித்த பிறகு எண்ணெய் தடவி இன்னும் ஒரு மணி நேரமாவது விடு. ஊறாத மாவு இழுத்தால் சுருங்கும், மீறி இழுத்தால் கிழியும். கிலோ மைதாவுக்கு அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர் பிடிக்கும், மூட்டைக்கு மூட்டை மாறும், அதைக் கைதான் சொல்லும். 80 கிராம் உருண்டையாகப் பிடித்தால் கிலோவுக்கு இருபது பரோட்டா வரணும், அப்பா உருண்டை எத்தனை கிராம் என்று பார்த்து வைத்துக்கொள்.

வீச்சுக்கு முதலில் மாவைத் தொடாதே. பழைய கைலியில் பரோட்டா அகலத்துக்கு வட்டமாக வெட்டி, நனைத்துப் பிழிந்து, அதை மேடையில் அடித்துப் பழகு. விரல் நாலும் அடியில், கட்டைவிரல் மேலே. தோளை ஆட்டாமல் மணிக்கட்டை மட்டும் திருப்பணும். உங்கள் அப்பாவுக்குத் தோள் போனதற்கு அவர் தோளால் வீசியதுகூடக் காரணமாக இருக்கலாம், கோபித்துக்கொள்ள வேண்டாம், என் தோளும் அப்படித்தான் போச்சு.

சால்னா வாளி:
நான் வேறு ஒன்று சொல்கிறேன். என் அப்பாவும் மாஸ்டர்தான். நான் ஆண்பிள்ளை, என்னையும் கல்லுப் பக்கம் விடவே இல்லை. ஒருநாள் சட்டுவத்தை எடுத்ததற்கு அடி விழுந்தது. சாயந்திரம் நாலு மணிக்கு நின்றால் ராத்திரி ஒரு மணி வரை அவருக்கு உட்கார நேரம் கிடையாது, காலில் நரம்பு சுருண்டு கிடக்கும், வயிற்றில் வெக்கை அடித்து அடித்துத் தோல் கறுத்துப்போயிருக்கும். இது பிள்ளைக்கு வேண்டாம் என்று நினைத்தார், அவ்வளவுதான். உங்கள் அப்பா “பொம்பளைப் பிள்ளை” என்று சொல்வதில் பாதி இதுவாகவும் இருக்கும். மீதிப் பாதி சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்பது. அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

கல்லடி மாஸ்டர்:
கரெக்டுப்பா. ஆனால் அந்தப் பிள்ளை கேட்டது வேறு, கடையை நடத்தணும் என்று கேட்கிறாள்.

பினாங்கு வாசி:
இங்கே மலேசியாவில் நம் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாயை வீசுவதை ‘தெபார்’ என்பார்கள், மலாயில் கடலில் வலை வீசுவதற்கும் அதே சொல்தான். நம் ஊர் ஆட்கள் கொண்டுவந்த வேலை, ‘மாமாக்’ என்கிற இந்திய முஸ்லிம் கடைகளில் ஆண்கள்தான் அதிகம். ஆனால் இங்கே அது காலைச் சாப்பாடு என்பதால் எங்கள் தெருவில் விடியற்காலையில் ஒரு மலாய் அக்கா தனியாகக் கடை போட்டு வீசுகிறார். எட்டு மணிக்குப் போனால் உட்கார இடம் கிடைக்காது. ராத்திரி வேலை என்பதுதான் உங்கள் அப்பாவின் கவலை என்றால், காலையில் பழகும்போதே நாலு பரோட்டாவை வீட்டுக்குப் போட்டுக் காட்டலாமே. பார்க்க ஊரும் இருக்காது.

சாத்தூர்க்காரி:
பதினோரு நாள் கழித்து வருகிறேன். கைலித் துணியில் ஒரு வாரம் அடித்தேன், அம்மா பைத்தியம் என்றே முடிவு கட்டிவிட்டார். நேற்று மதியம் நன்றாக ஊறவைத்த மாவில் ஆறு வீசினேன், இரண்டு கிழிந்தது, நாலு வந்தது. சுற்றி வைத்துக் கல்லில் போட்டு எடுக்கும்போது அப்பா எழுந்து வந்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். ஒன்றைப் பிய்த்துப் பார்த்து, “ஏடு விடலையே” என்றார். நாலையும் சூட்டோடு அடுக்கி, இடது கையாலேயே பக்கவாட்டில் ரெண்டு அடி அடித்தார், இதழ் இதழாகப் பிரிந்துவிட்டது. “சுத்தும்போது இறுக்கிட்ட” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

அண்ணே, சுற்றும்போது எவ்வளவு தளர்வாக விடணும்?

கல்லடி மாஸ்டர்:
அதை அவரிடமே கேளும்மா.