பட்டியலில் பெயர் இருக்கட்டும், ஆதார் எண் வேண்டாம்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

நம் ஊரில் முதியோர் உதவித்தொகை பெறுபவர்களின் பட்டியலைப் பொதுச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். அதைப் படம் எடுத்து நம் ஊர்ச் சங்கத்தின் இந்தக் குழுவில் ஒருவர் அனுப்பியிருந்தார். பெயர், ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கைப்பேசி எண் எல்லாம் அதில் தெளிவாகத் தெரிகின்றன. தயவுசெய்து அந்தப் படத்தை யாரும் வேறு எங்கும் பகிர வேண்டாம்.

"மறைப்பதற்கு என்ன இருக்கிறது? வெளிப்படையாக இருப்பது நல்லதுதானே" என்று சிங்கப்பூர் அண்ணன் கேட்டிருந்தார். அண்ணா, யாருக்கு எவ்வளவு தொகை போகிறது என்பது ஊருக்குத் தெரியத்தான் வேண்டும். இறந்தவர் பெயரில் பணம் எடுத்தால் கிராம சபையில் வேறு எப்படித் தட்டிக் கேட்பது? ஆனால் அதற்குப் பெயரும் தொகையும் போதும். ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடக் கூடாது என்று 2016ஆம் ஆண்டின் ஆதார் சட்டமே 29ஆவது பிரிவில் சொல்கிறது. வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவன் அழைத்து, கணக்கு எண்ணையும் சரியாகச் சொன்னால், நம் அப்பத்தாக்கள் ஓடிபி எண்ணைச் சொல்லிவிட மாட்டார்களா?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். நலத்திட்டங்களுக்கு ஆதார் கேட்கலாம் என்று 2018இல் இன்னொரு தீர்ப்பு வந்தது உண்மை. கேட்டு வாங்குவது வேறு, ஊர் பார்க்க ஒட்டுவது வேறு. சென்னையில் எங்கள் குடியிருப்பில் இப்படி ஒட்டியிருந்தால் அன்று மாலையே கிழித்திருப்பார்கள். ஊரில் வாய் திறக்கத் தயங்குகிறார்கள். கேட்டால் தொகை நின்றுவிடுமோ என்ற பயம். அவர்கள் பயப்படுவதில் தவறே இல்லை. அதனால்தான் தொகையை நம்பி இராத நாம் கேட்க வேண்டும்.

எண்களை நீக்கிய புதிய பட்டியலை ஒட்டக் கோரி, சங்கத்தின் பெயரில் வட்டாட்சியருக்கு மனு எழுதிவிட்டேன். பயனாளிகள் யாருடைய பெயரும் அதில் இல்லை. எவரையும் தனியாகக் குறிவைக்க முடியாது. பதில் வராவிட்டால் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடமே கொடுக்கலாம்.

நம் சங்கத்தின் கல்வி உதவி விண்ணப்பத்திலும் ஆதார் நகல் கேட்கிறோம். கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் ஆதாரை, ஆதார் வழங்கும் ஆணையத்தின் இணையதளத்திலேயே பதிவிறக்கலாம். இந்த ஆண்டு முதல் அது போதும் என்று செயலாளர் அறிவிக்க வேண்டும். மனுவில் பெயர் சேர்க்க விரும்புகிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எனக்குத் தனி மடல் அனுப்புங்கள்.