மோக் ஃபனாட்டிக்கை எந்த நேரத்தில் பலி கொடுக்கலாம்? ரேங்கர், டெத்டச் சந்தேகமும் சேர்த்து

செம்பனைக்காடு:

வணக்கம். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். சனிக்கிழமை ராத்திரி பட்டணத்துக் கடை அஞ்சடியில் மேசை போட்டு நாங்கள் சில பேர் மேஜிக் தி கேதரிங் என்ற கார்டு ஆட்டம் ஆடுவோம், தோட்டத்துப் பையன்களும் இப்போது சேர்ந்துவிட்டார்கள். எங்களுக்கெல்லாம் ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர் பெரியப்பா மகன். அவர் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் வாங்கிய கார்டுகளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார். போன வாரம் மூன்று விஷயத்தில் பேச்சு முற்றிவிட்டது. பையன்களை ஈப்போவில் கடை ஆட்டத்துக்குக் கூட்டிப்போக நினைக்கிறேன், அதற்குள் இதைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, நான் 2/2 (அடி 2, டஃப்னஸ் என்ற தாங்கும் அளவு 2) கிரிஸ்லி பேர்ஸ் கரடியை வைத்து அட்டாக் போனேன். அண்ணன் 1/1 மோக் ஃபனாட்டிக்கை (பலி கொடுத்தால் எங்கே வேண்டுமானாலும் 1 டேமேஜ் போடும் ஆள்) வைத்துத் தடுத்தார். "டேமேஜ் ஸ்டாக்கில் (நடக்கும் முன் காத்திருக்கும் அடுக்கில்) ஏறிவிட்டது, இப்போது ஃபனாட்டிக்கைப் பலி கொடுத்து இன்னொரு 1 டேமேஜ் உன் கரடிக்கு, ஆக 2, கரடி காலி" என்றார். கைப்பேசியில் அரேனா ஆடிப் பழகிய தம்பியோ அப்படிச் செய்யவே முடியாது என்கிறான்.

இரண்டாவது, என் டைஃபாய்டு ரேட்ஸ் எலி 1/1, டெத்டச் உண்டு, அதாவது அது கொஞ்சம் அடித்தாலும் அடிபட்ட ஆள் சாகும். அதன் மேல் ரேங்கர் (ஆள் மேல் ஒட்டும் கார்டு) போட்டால் +2/+0, டிராம்பிளும் (தடுத்தவனைத் தாண்டி மிச்ச டேமேஜ் ஆட்டக்காரருக்குப் போவது) வரும், ஆக 3/1. அண்ணன் 4/4 செர்ரா ஏஞ்சலை வைத்துத் தடுத்தார். அவருக்கு எத்தனை டேமேஜ் போகும்?

மூன்றாவதுதான் பெரிய சண்டை. நான் எலி மேல் ரேங்கர் போடும்போதே ஃபனாட்டிக்கைப் பலி கொடுத்து எலியைக் கொன்றுவிட்டார். ரேங்கர் கிரேவ்யார்டுக்கு (முடிந்த கார்டுகள் போகும் குவியலுக்கு) போனால் கைக்குத் திரும்பி வரும் என்று கார்டிலேயே இருக்கிறது, அதனால் எடுத்துக்கொண்டேன். அது வராது என்று அவர் சொல்கிறார். முந்தின ஆட்டத்தில் எலி செத்தபோது வந்ததே, இப்போது மட்டும் ஏன் வராது?

ஈப்போ_ஸ்லீவ்:

முதல் கேள்விக்குத் தம்பி சொல்வதுதான் இன்றைய விதி. ஆனால் அண்ணனையும் குறை சொல்லாதீர்கள், அவர் கற்றுக்கொண்ட காலத்தில் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மோக் ஃபனாட்டிக் 1997-ல் டெம்பஸ்ட் தொகுப்பில் வந்த கார்டு. 1999-ல் சிக்ஸ்த் எடிஷன் விதிகள் வந்தபோதுதான் ஸ்டாக் என்ற ஏற்பாடே வந்தது, சண்டை டேமேஜும் அதில் ஏறி உட்கார்ந்தது. டேமேஜ் ஸ்டாக்கில் காத்திருக்கும்போதே ஆளைப் பலி கொடுக்கலாம், ஆள் போனாலும் அடி விழும். அந்தப் பத்து வருஷம் ஃபனாட்டிக்குக்கு இருந்த மவுசே அதனால்தான். 2009-ல் மேஜிக் 2010 விதிகளோடு அது முடிந்துபோனது. இப்போது சண்டை டேமேஜ் ஸ்டாக்கில் ஏறுவதில்லை, எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விழுகிறது, கணக்குப் பிரிப்பதற்கும் அடி விழுவதற்கும் நடுவில் யாரும் எதுவும் செய்ய முடியாது. விதிப்புத்தகத்தில் 510-வது பிரிவைப் பாருங்கள்.

ஆகவே அண்ணனுக்கு இரண்டில் ஒன்றுதான். ஃபனாட்டிக்கை அப்படியே நிற்கவிட்டால் கரடிக்குச் சண்டையில் 1. தடுத்த உடனே, டேமேஜ் விழும் முன்பு பலி கொடுத்தால் அந்த 1-ஐ எங்கே வேண்டுமானாலும் அனுப்பலாம், ஆனால் சண்டை அடி கிடையாது. கரடி பிழைத்துவிடும்.

இதில் இன்னொன்றும் பையன்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். தடுத்த ஃபனாட்டிக் பலியாகிப் போனாலும் கரடி தடுக்கப்பட்ட கரடிதான், அண்ணனுக்கு ஒரு டேமேஜும் போகாது. தோட்டத்துப் பெரட்டில் (காலை ஆள்கணக்கில்) பேர் விழுந்துவிட்டால் அப்புறம் ஆள் எங்கே போனாலும் அன்றைக்கு அவன் வந்தவன்தான், அது மாதிரி. டிராம்பிள் இருந்தால் கதை வேறு, தடுத்தவன் இல்லாமல் போனால் முழு டேமேஜும் ஆட்டக்காரருக்கே போய்விடும்.

கூலிம்_சிவப்பு_டெக்:

இரண்டாவது கேள்விக்கு: டிராம்பிள் என்றால் தடுப்பவனைக் கொல்லும் அளவு டேமேஜை முதலில் அவனுக்கு ஒதுக்க வேண்டும், மிச்சம்தான் ஆட்டக்காரருக்கு. ஏஞ்சலுக்கு டஃப்னஸ் 4, எலியிடம் இருப்பது 3. அப்படியானால் மிச்சமே இல்லையே? அண்ணனுக்கு 0 என்றுதான் எனக்குப் படுகிறது.

ஈப்போ_ஸ்லீவ்:

இல்லை, டெத்டச் இருப்பதால் கணக்கு மாறுகிறது. டெத்டச் உள்ள ஆளிடமிருந்து 1 டேமேஜ் வந்தாலே அது கொல்லும் அளவு என்றுதான் விதி எடுத்துக்கொள்கிறது, டஃப்னஸ் 4 ஆனாலும் 14 ஆனாலும் சரி. ஆக ஏஞ்சலுக்கு 1, அண்ணனுக்கு 2. ஏஞ்சலும் சாகும். ஏஞ்சலின் 4 அடி எலிக்கு விழுவதால் எலியும் சாகும், ரேங்கர் கைக்குத் திரும்பும். இரண்டு பேர் சேர்ந்து தடுத்தாலும் அப்படித்தான், ஆளுக்கு 1, மிச்சம் 1 அண்ணனுக்கு. முன்பெல்லாம் பல பேர் தடுத்தால் யாருக்கு முதல் அடி என்று வரிசை சொல்ல வேண்டியிருந்தது. 2024 நவம்பரில் ஃபவுண்டேஷன்ஸ் தொகுப்பு வந்ததிலிருந்து அந்த வரிசை கிடையாது, டேமேஜ் விழும் நேரத்தில் விருப்பப்படி பிரித்துக்கொள்ளலாம்.

தைப்பிங்_மழை:

மூன்றாவது கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன், எனக்கு இந்த ஆட்டத்தில் ரொம்பப் பிடித்த இடமே இதுதான். அண்ணன் சொன்னது சரி, ரேங்கர் கைக்கு வராது.

ரேங்கரின் வாசகத்தை நிதானமாகப் படியுங்கள். "போர்க்களத்திலிருந்து" கிரேவ்யார்டுக்குப் போனால்தான் திரும்பி வரும். நீங்கள் ரேங்கரைப் போட்டபோது அது ஸ்டாக்கில் இருந்தது, இன்னும் களத்தில் இறங்கவில்லை. அதற்குள் அண்ணன் ஃபனாட்டிக்கைப் பலி கொடுத்தார், அவருடைய 1 டேமேஜ் ஸ்டாக்கில் உங்கள் ரேங்கருக்கு மேல் போய் உட்கார்ந்தது, மேலே இருப்பதுதான் முதலில் நடக்கும். எலி செத்தது. ரேங்கரின் முறை வரும்போது அது குறிவைத்த எலி அங்கே இல்லை, வேறு குறியும் கிடையாது, அதனால் அது நடக்காமலேயே ஸ்டாக்கிலிருந்து நேராக கிரேவ்யார்டுக்குப் போய்விட்டது. களத்தை மிதிக்கவே இல்லை.

முந்தின ஆட்டத்தில் ரேங்கர் ஏற்கெனவே எலி மேல் இருந்திருக்கும். எலி சாகும்போது அது பிடிக்க ஆளில்லாமல் களத்திலிருந்து விழுகிறது, அதனால் கைக்கு வந்தது. ஒரே ஃபனாட்டிக், ஒரே 1 டேமேஜ், ஆனால் ரேங்கர் ஸ்டாக்கில் இருக்கும்போது சுட்டால் நீங்கள் இரண்டு கார்டு இழக்கிறீர்கள், இறங்கிய பிறகு சுட்டால் ஒன்றுதான். அண்ணன் நேரம் பார்த்துச் சுட்டிருக்கிறார், அவர் பழைய கை என்பது அதிலேயே தெரிகிறது.

பையன்களை ஈப்போவுக்குக் கூட்டிப்போகும் முன் ஒரு பழக்கத்தை ஏற்படுத்துங்கள். ரேங்கர் மாதிரி கார்டைப் போட்டதும் எலிக்குக் கீழே சொருகிவிட்டு உடனே "அட்டாக்" என்று கையை நீட்டக் கூடாது. கார்டை மேசை நடுவில் வைத்து, எதிராளி முகத்தைப் பார்த்து, "சரியா?" என்று கேட்டு, அவர் தலையாட்டிய பிறகுதான் எலிக்குக் கீழே வைக்க வேண்டும். அந்த ஒரு கணம் எதிராளிக்குச் சொந்தம். அதை விடாமல் ஆடினால் இந்தச் சண்டை வந்துகொண்டேதான் இருக்கும்.

செம்பனைக்காடு:

ரொம்ப நன்றி, எல்லாம் புரிகிறது. பழைய கார்டில் அச்சடித்த வாசகமும் இன்றைய வாசகமும் வேறாக இருந்தால் எதை எடுத்துக்கொள்வது? அப்புறம், அந்த ரேங்கர் ஆட்டத்தில் என் கையில் ஜெயன்ட் குரோத் (அந்தச் சுற்றுக்கு மட்டும் +3/+3) இருந்தது, பச்சை லேண்டும் ஒன்று மிச்சம் இருந்தது. அதைப் போட்டிருந்தால் எலி பிழைத்திருக்குமா?

தைப்பிங்_மழை:

வாசகம் வேறாக இருந்தால் இன்றைய வாசகம்தான் செல்லும். கேதரர் இணையதளத்தில் கார்டு பெயரைப் போட்டால் வரும், அண்ணனுடைய பழைய கார்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுங்கள்.

ஜெயன்ட் குரோத் இருந்தால் எலி பிழைத்திருக்கும். அண்ணன் ஃபனாட்டிக்கைப் பலி கொடுத்தது செலவு, அதைத் தடுக்க முடியாது. ஆனால் அந்த 1 டேமேஜ் ஸ்டாக்கில் காத்திருக்கிறது, அதற்கு மேல் நீங்கள் ஜெயன்ட் குரோத் போடுகிறீர்கள். அது முதலில் நடந்து எலி 4/4 ஆகும், பிறகு 1 அடி வாங்கும், சாகாது, அதற்கும் கீழே இருந்த ரேங்கர் அப்புறம் இறங்கும். அந்தச் சுற்றுக்கு 6/4 எலி, டெத்டச்சோடும் டிராம்பிளோடும். சுற்று முடியும்போது +3/+3 போகும், வாங்கிய அடியும் அதே நொடியில் அழியும், அதனால் எலி அப்போதும் சாகாது.

ஆனால் அவர் சுடும் முன்பே அவசரப்பட்டுக் குரோத்தைப் போடாதீர்கள். அது ஸ்டாக்கில் இருக்கும்போது அவர் சுட்டால் எலி, ரேங்கர், குரோத் மூன்றும் போய்விடும்.