வலிப்பு மாத்திரை ஆரம்பிக்கப் பயப்படறானுங்க

கோபிக்காரர்: தம்பிக்கு 22 வயசுங்க. வலிப்பு நோய்னு உறுதியாகி, லெவிடிராசிட்டம் 500 காலையும் ராத்திரியும் எழுதிக் குடுத்திருக்காங்க. மூளை மந்தமாயிரும், ஆயுசுக்கும் விட முடியாதுன்னு பயந்து அட்டையையே பிரிக்க மாட்டேங்கறான்.

பல்லடம்: மந்தம்னு சொல்றது பெரும்பாலும் முதல் சில வாரத்துத் தூக்கக் கலக்கமுங்க. இந்த மருந்துல கவனிக்கோணும்னா கோபம், எரிச்சல், மனச்சோர்வு. வந்தா டாக்டர்கிட்டச் சொன்னா அளவையோ மருந்தையோ மாத்துவாங்க. சாகோணும்னு நெனப்பு வந்தா அன்னைக்கே கூட்டிட்டுப் போங்க. ஆரம்பிச்சதைத் தானா திடீர்னு நிறுத்தக்கூடாது. விடாம வலிப்பு வந்துரலாம், அதுதான் உயிருக்கு ஆபத்து. ஆயுசுக்கும்னு எல்லாருக்கும் இல்லீங்க. 2 வருசமாச்சும் வலிப்பே வரலைன்னா, மெல்லக் குறைக்கலாமான்னு டாக்டர் பார்ப்பாங்க.

கோபிக்காரர்: ஒடம்பெல்லாம் தடிப்பு வருமாமே?

பவானி: அது கார்பமசெபின், ஃபெனிடாயின், லாமோட்ரிஜின்ங்கற வேற வலிப்பு மருந்துகள்ல அதிகமுங்க. எதுல வந்தாலும் உடனே காட்டோணும். ஒரு வேளை மறந்தா ஞாபகம் வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிருச்சுன்னா விட்டுருங்க, ரெண்டாச் சேர்த்துப் போடக்கூடாது. தறியில நைட் ஷிப்ட் வேண்டாம், தூக்கம் கெட்டா மாத்திரை போட்டும் வலிப்பு வரும். கெணத்துல, வாய்க்கால்ல தனியா எறங்கறது, பைக் ஓட்டறது, இப்போதைக்கு ரெண்டும் கூடாது. வலிப்பு வந்துட்டா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாயில எதையும் திணிக்காதீங்க. சாவிக்கொத்து குடுக்கறதெல்லாம் சும்மா. 5 நிமிசம் தாண்டினா 108.