கரண்ட் பாய்ந்தால் குளிருமாம்! கோயில் மண்டபத்துப் பேச்சு

ஏர்கோன்காரன்:
ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் எஸ்பிஎம் (மலேசியப் பள்ளித் தேர்வு) எழுதும் பிள்ளைகளுக்கு நம் தோட்டத்துத் தம்பி ஒருவர் பேசினார். கம்ப்ரெசர் வேண்டாமாம், கேஸ் வேண்டாமாம், கரண்ட் கொடுத்தாலே உலோகம் 0.1 கெல்வினுக்கு, அதாவது கிட்டத்தட்ட மைனஸ் 273 டிகிரிக்கு, குளிர்ந்துவிடுமாம். சுங்கை சிப்புட்டில் முப்பது வருஷமாக ஏர்கோன் பழுது பார்க்கிறேன். கரண்ட் பாய்ந்தால் சூடாகும். பிள்ளைகள் காதில் பூ சுற்றாதீர்கள்.

லயத்துப் பையன்:
அண்ணே, பேசியவன் நான்தான். சாதாரணக் கம்பி சூடாகும், யார் இல்லை என்றது? நான் சொன்னது வேறு. ஒரு பக்கம் செம்பு, மறுபக்கம் அலுமினிய மீக்கடத்தி (கடுங்குளிரில் கரண்டைத் தடையில்லாமல் கடத்துவது), நடுவில் ஒன்றிரண்டு நானோமீட்டர் ஆக்சைடு. இந்த இணைப்புக்குச் சந்தி என்று பெயர். மீக்கடத்திக்குள் நுழைய எலக்ட்ரான் ஓர் ஆற்றல் இடைவெளியைத் தாண்ட வேண்டும். 0.2 மில்லிவோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகக் கொடுத்தால் சூடான எலக்ட்ரான்கள்தான் தாண்டும். மண்பானையில் நீர் கசிந்து ஆவியாக, மிச்சம் குளிர்வது போல. 1996இல் லெய்வோ, பெக்கோலா, அவெரின் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 0.3 கெல்வினிலிருந்து 0.1க்கு இறக்கிக் காட்டினார்கள்.

ஏர்கோன்காரன்:
பானையில் தண்ணீர் குறையும். உலோகத்தில் எலக்ட்ரான் தீர்ந்துபோகுமா? அதை விடுங்கள். 0.1க்குப் போனது எது? உலோகமா, எலக்ட்ரானா?

லயத்துப் பையன்:
தீராது அண்ணே. இரண்டு சந்தி வைப்பார்கள். ஒன்றில் சூடானது வெளியே போகும், மற்றதில் குளிர்ந்தது உள்ளே வரும். கரண்ட் திசையை மாற்றினாலும் குளிர்தான். 0.1க்குப் போனவை எலக்ட்ரான்கள். அணுக்கூடு, அதாவது உலோகத்தின் அணுக்கள் அடுக்கிய கட்டமைப்பு, 0.3 பக்கத்திலேயே நிற்கும். அந்தக் குளிரில் இரண்டுக்கும் ஒட்டுறவு குறைவு, வெப்பநிலையின் ஐந்தாம் அடுக்குக் கணக்கில் தேய்ந்துவிடும்.

ஏர்கோன்காரன்:
மாட்டினீர்களா! மண்டபத்தில் "உலோகம்", இங்கே "எலக்ட்ரான்". "காற்று குளிர்ந்துவிட்டது, அறைதான் குளிரவில்லை" என்று சொல்லி நான் காசு வாங்க முடியுமா?

ஓய்வு வாத்தியார்:
முதலில் அது மீக்கடத்தி இல்லை, மிகைக்கடத்தி. நான் இருபது வருஷம் அப்படித்தான் எழுதிப்போட்டேன்.

லயத்துப் பையன்:
ஐயா, எதுவானாலும் அலுமினியம் 1.2 கெல்வினில்தான் அப்படி மாறும்.

ஓய்வு வாத்தியார்:
எதுவானாலும் இல்லை.

ஆப்பக்கடை பேரன்:
ஏர்கோன் அண்ணே, போன வருஷம் அக்கா நிச்சயதார்த்தத்தில் நீங்கள் பழுது பார்த்த ஏர்கோன் மாப்பிள்ளை வீட்டார் தலையில் ஒழுகியதே, அப்போது குளிர்ந்தது உலோகமா, எலக்ட்ரானா?

ஏர்கோன்காரன்:
டிரெய்ன் பைப்பில் பல்லி அடைத்திருந்தது. நானே இழுத்து எடுத்தேன், வால் கையோடு வந்தது, உடம்பு வரவில்லை. அந்த வேலைக்கு 80 வெள்ளி (ரிங்கிட்) பாக்கி. உன் மாமாவைக் கேள். தம்பி, அறைக்குள் எடுத்த சூடு வெளி யூனிட்டுக்குப் போகும். உன் பெட்டிக்கு வெளி யூனிட் எங்கே?

லயத்துப் பையன்:
இதுதான் நல்ல கேள்வி. சூடு மீக்கடத்திக்குள் போய்ச் சேரும். அது கரண்டைத் தடையில்லாமல் கடத்தும், சூட்டை மட்டும் சரியாகக் கடத்தாது. அதனால் சந்திப் பக்கமே தேங்கி, கொஞ்சம் திரும்பியும் வரும். பக்கத்தில் சாதாரண உலோகத்தை ஒட்டிவைத்து வடிப்பார்கள்.

ஏர்கோன்காரன்:
ஆக, டிரெய்ன் பைப் அங்கேயும் அடைக்கிறது. என்னை மட்டும் கேலி செய்கிறீர்கள்.

ஆப்பக்கடை பேரன்:
1994இல் இதை முதலில் செய்த குழுவில் மார்ட்டினிஸ் இருந்தார். 2025இல் நோபல் வாங்கியவர். நோபல்காரரைவிட நீங்கள் பெரிய ஆளா?

ஏர்கோன்காரன்:
நோபல் இதற்கா கொடுத்தார்கள்?

லயத்துப் பையன்:
இதற்கு இல்லை, வேறு ஆய்வுக்கு. நீ சும்மா இரு பேரா. அண்ணே, 2005இல் அமெரிக்காவின் நிஸ்ட் ஆய்வகம் இந்தச் சந்திகளை வைத்துத் தனி ஜெர்மேனியத் துண்டு ஒன்றையே குளிர்வித்தது. எலக்ட்ரான் மட்டும் அல்ல, முழுத் துண்டு. போதுமா?

ஏர்கோன்காரன்:
ஜெர்மேனியம் உலோகமா?

லயத்துப் பையன்:
குறைக்கடத்தி.

ஏர்கோன்காரன்:
நான் கேட்டது உலோகம்.

ஓய்வு வாத்தியார்:
குறைக்கடத்தி சரி. அதே கணக்கில் மிகைக்கடத்தி.

ஏர்கோன்காரன்:
வரும் ஞாயிறும் மண்டபத்துக்கு வருவேன், முன்வரிசையில் உட்காருவேன். 80 வெள்ளியை அங்கேயே கொடுக்கலாம்.