ஸ்கிராபிள் பிள்ளைகளுக்குச் சொல் போதுமா, அர்த்தமும் வேண்டுமா?

தோபாயோ_மீனா:
மகள் உயர்நிலை ஒன்றில் படிக்கிறாள். எழுத்துக் கட்டைகளை அடுக்கி ஆங்கிலச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆட்டம் என்றால் சோறு தண்ணி வேண்டாம். போன சனிக்கிழமை வீட்டில் ஆடும்போது ஏழு எழுத்தையும் ஒரே தடவையில் இறக்கி 50 புள்ளி போனஸ் வாங்கினாள். அந்தச் சொல் 'வெட்டிவர்'. அப்படியென்றால் என்னவென்று கேட்டேன். "தெரியாதும்மா, லிஸ்ட்ல இருக்கு" என்றாள். சமையலறையில் மாமியாரின் தண்ணீர்ப் பானைக்குள் கிடந்தது அதே வெட்டிவேர்தான்! எடுத்து வந்து முகரக் கொடுத்தேன். நம் வீட்டுச் சொல் ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்பி வந்திருப்பது பிள்ளைக்குத் தெரியவில்லை. அர்த்தத்தோடுதான் படிக்க வேண்டும் என்பது என் கட்சி.

பீஷான்_குமார்:
அக்கா, போட்டி மேசையில் யாரும் அர்த்தம் கேட்பதில்லை. சொல் பட்டியலில் உண்டா, இல்லையா? அவ்வளவுதான். ஆட்டத்துக்கு ஆளுக்கு 25 நிமிடம். போட்டிகளில் செல்லும் சொற்களைத் தொகுத்த காலின்ஸ் பட்டியலில் 2,70,000 சொற்களுக்கு மேல். அத்தனைக்கும் அர்த்தம் பார்த்தால் பள்ளிப் பாடத்தை எப்போது படிப்பது? நியூசிலாந்து ஆட்டக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு பேசத் தெரியாமலே 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார். வேறென்ன சாட்சி வேண்டும்?

தோபாயோ_மீனா:
அவர் நினைவாற்றல் எத்தனை பேருக்கு வாய்க்கும், தம்பி? என் மகள் 'அணிகட்' என்ற சொல்லை மூன்று முறை மறந்தாள். அது நம் அணைக்கட்டு, கல்லணைக்கு ஆங்கிலேயர் வைத்த பெயரே கிராண்ட் அணிகட் என்று சொன்னேன். அதன்பின் மறக்கவில்லை. பெயர்ச்சொல் என்று தெரிந்ததால் கடைசியில் எஸ் சேரும், இ-டி சேராது என்பதும் தானாகப் புரிந்தது.

ஜூரோங்_செல்வி:
க்யூ-ஐ என்ற இரண்டெழுத்துச் சொல் இன்னும் நல்ல உதாரணம். ஆங்கிலத்தில் க்யூவுக்குப் பின்னால் பெரும்பாலும் யூ வரும்; இதிலோ யூ இல்லாமலே க்யூவை இறக்கலாம், 11 புள்ளி. சீனர்கள் சொல்லும் உயிராற்றல் அது, 'ச்சி' என்று ஒலிக்கும். எங்கள் புளோக் கீழ்த்தளத்தில் காலையில் தைச்சி உடற்பயிற்சி செய்யும் ஆன்ட்டிதான் என் மகனுக்கு அதை விளக்கினார்.

பீஷான்_குமார்:
சரி, தமிழும் சீனமும் நமக்குப் பக்கத்தில் இருக்கின்றன. சி-டபிள்யூ-எம்முக்கு என்ன செய்வீர்கள்? வேல்ஸ் நாட்டு மலைப் பள்ளத்தாக்கு. தோபாயோ பிள்ளை அதை எதோடு சேர்த்து நினைவு வைப்பாள்?

தோபாயோ_மீனா:
அங்கேதான் அர்த்தம் இன்னும் உதவும். வேல்ஸ் மொழியில் டபிள்யூ உயிரெழுத்து. அந்தச் சொல்லைக் 'கூம்' என்றுதான் படிக்க வேண்டும். இது தெரிந்தால் சி-ஆர்-டபிள்யூ-டி-எச் என்ற பழைய வேல்ஸ் நரம்பிசைக் கருவியும் கூடவே மனதில் நிற்கும். ஒரு காரணம், இரண்டு சொல்.

பீஷான்_குமார்:
டபிள்யூ விஷயம் எனக்குப் புதிது, நன்றி அக்கா. ஆனாலும் போட்டிக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது என்றால் என் பையனுக்கு முதலில் பட்டியலைத்தான் கொடுப்பேன்.

தோபாயோ_மீனா:
கொடுங்கள். இரவு பத்து சொல்லை மட்டும் எடுத்து, என்ன ஏது என்று அவனோடு உட்கார்ந்து பாருங்கள்.