இங்கிலாந்தில் கார் ஓட்டும் நம்மவர்களே, எதிரே வருபவர் லைட் அடித்தால் என்ன செய்வீர்கள்?

வணக்கம். சென்னையிலிருந்து லெஸ்டருக்குக் குடிவந்திருக்கிறோம். இந்திய லைசென்ஸை வைத்து இங்கே 12 மாதம்தான் ஓட்டலாம் என்பதால் டெஸ்டுக்குத் தயாராகிறேன். இடப்பக்கம் ஓட்டுவது, ரவுண்டானாவில் வலப்பக்கம் வருபவருக்கு வழிவிடுவதெல்லாம் சரி, பழகிவிட்டது. குழப்பம் ஹெட்லைட்டில்தான்.

நம் ஊரில் எதிர்வண்டி லைட் அடித்தால் ‘நான் வர்றேன், நில்லு’ என்று அர்த்தம். இங்கே இரண்டு பக்கமும் கார் நிறுத்தியிருக்கும் குறுகலான தெருவில், எதிரே வருபவர் இடைவெளி பார்த்து ஒதுங்கி, ஒருமுறை லைட் அடித்து ‘நீங்க வாங்க’ என்கிறார். தாண்டும்போது பதிலுக்குக் கையைத் தூக்கவேண்டும். எனக்கு மிகவும் பிடித்த பழக்கம் இது. ஆனால் ஹைவே கோடின் (இங்கத்திய சாலை விதித் தொகுப்பு) 111-ஆம் விதியோ, லைட் அடிப்பதை அழைப்பாக நினைக்கவே கூடாது, நீங்களே பார்த்து நிதானமாகப் போங்கள் என்கிறது. டெஸ்டில் யாராவது இப்படி லைட் அடித்தால் நகரலாமா, காத்திருக்க வேண்டுமா?

அப்புறம் இன்னொன்று. அதே ஹைவே கோடில் 2022 ஜனவரியில் வந்த மாற்றத்தின்படி, நாம் திரும்பும் சாலையைக் கடக்கக் காத்து நிற்பவருக்கும் வழிவிட வேண்டும். நின்றால் பின்னால் வருபவர் ஹாரன் அடிக்கிறார், நடந்துபோகிறவரும் தயங்கி நம்மையே போகச் சொல்கிறார். குழந்தையோடு நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குத் தாண்டிப்போக மனசே வருவதில்லை. பின்வண்டிக்கு முன்கூட்டியே உணர்த்த நீங்கள் என்ன செய்கிறீர்கள்? சமீபத்தில் டெஸ்டில் தேறியவர்கள், தமிழில் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து விவரமாகச் சொல்லுங்கள்.