டிராகன் குவெஸ்ட் 11 எஸ்: 2டியில் தொடங்கலாமா, 3டியிலா?

மெல்லநடை:

டிராகன் குவெஸ்ட் 11 எஸ் என்ற வீடியோ கேமை ஆடப் போகிறேன். ஒரே கதையை 2டியிலும் ஆடலாம், 3டியிலும் ஆடலாம். நடுவில் மாற்றவும் முடியும். ஆனால் மாற்றினால் கதையில் ஏதோ ஒரு கட்டத்தின் தொடக்கத்துக்குத் திரும்பிப் போக வேண்டி வரும் என்பதால், முதலிலேயே முடிவு செய்துவிட நினைக்கிறேன்.

என் மனம் 2டி பக்கம்தான். ஏன் என்று சொல்லிவிடுகிறேன். 1994இல் வந்த ஃபைனல் ஃபேன்டசி 6இல் ஒரு கதாபாத்திரத்தின் அளவு 16 பிக்சல் அகலம், 24 பிக்சல் உயரம், அவ்வளவுதான். தலை குனிய ஒரு படம், திடுக்கிட ஒரு படம், கை உயர்த்த ஒரு படம். இந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டே, செலஸ் என்ற பெண் ஓபரா மேடையில் பாடும் இடத்தில் என் தொண்டையை அடைக்க வைத்தார்கள். அந்த முகத்தில் என்ன ஓடுகிறது என்பதை நானே நிரப்பிக்கொண்டேன். 1997இல் வந்த அடுத்த பாகத்தில் நாயகன் கிளவுட் நடக்கும்போது கட்டைக் கை பொம்மை, சண்டையில் வேறு உருவம், இடையில் வரும் வீடியோவில் இன்னொரு உருவம். கதை எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் நிரப்பிக்கொள்ள எனக்கு இடம் கிடைக்கவில்லை. கண்ணில் பட்டதை ஒதுக்கிவிட்டு உணர வேண்டியிருந்தது.

இன்னொன்று. 2டியில் ஊருக்குள் கால் வைத்ததுமே ஆயுதக் கடை எங்கே, விடுதி எங்கே, கிணறு எங்கே என்று புரிந்துவிடும். 3டி ஆர்பிஜிக்களில் (ஒரு கதாபாத்திரமாகவே கதைக்குள் வாழும் இந்த வகை கேம்களில்) மூலையில் இருக்கும் குட்டி வரைபடத்தைப் பார்த்துக்கொண்டேதான் நடக்கிறேன். ஊரை எங்கே பார்ப்பது?

சரி, 3டியை விட்டால் நான் உண்மையில் எதை இழப்பேன்? இரண்டையும் ஆடியவர்கள் சொல்லுங்கள். படம் எவ்வளவு அழகு என்பதைவிட, ஆடும்போது என்ன மாறுகிறது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

---

படிக்கட்டு:

உயரத்தை இழப்பீர்கள். என் ஒரே பதில் இதுதான்.

டார்க் சோல்ஸ் (2011) எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வரைபடமே கிடையாது. ஃபயர்லிங்க் என்ற இடத்தில் தொடங்கி, மேலே ஏறி, கோட்டைச் சுவர்களையும் சந்துகளையும் தாண்டி, பாலத்தில் நெருப்பு கக்கும் டிராகனிடம் தப்பித்து ஒரு தேவாலயத்துக்கு வந்து சேர்வோம். வெகு தூரம் வந்துவிட்டோம் என்று மனம் சொல்லும். அங்கே ஒரு லிஃப்ட். ஏறி நின்றால் அது கீழே, கீழே, கீழே போய் அதே ஃபயர்லிங்கில் இறக்கிவிடுகிறது. இவ்வளவு நேரம் தொடங்கிய இடத்தின் தலைக்கு மேலேயே சுற்றியிருக்கிறோம்! 2டியில் இதே இணைப்பை ஒரு கதவாக வைக்கலாம். ஆனால் அந்த இறக்கத்தை உடம்பு உணராது.

அதே கேமில் ராட்சதர்களின் கல்லறையில் நின்று தூரத்தில் பார்த்தால் நெருப்புக் குழம்பு ஒளிரும். வெறும் பின்னணிப் படம் என்று நினைப்போம். வேறு வழியாக இறங்கினால் அந்த இடத்துக்கே போய் நிற்கலாம். தூரத்தில் கண்டதை நோக்கி நடந்து போய்ச் சேர்வது எனக்கு ஆர்பிஜியின் பாதி உயிர்.

குட்டி வரைபடம் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. அமைப்பில் அதை அணைக்க முடிகிற கேம் என்றால் முதல் வேலையாக அணைத்துவிடுங்கள்.

---

எட்டுத்திசை:

பொழுதுபோக்காக ஸ்பிரைட் (2டி கேம்களில் ஆட்களைக் காட்டும் குட்டிப் படங்கள்) வரைபவள் நான். ஆடும்போது என்ன மாறுகிறது என்று கேட்டீர்கள். வரையும் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ஒரு வீரன் எட்டுத் திசையில் நடக்க வேண்டும், ஒவ்வொரு நடைக்கும் எட்டுப் படம் என்றால் 64 படங்கள். இடது பக்கத்தைத் திருப்பி வலமாக்கிக்கொண்டால் ஐந்து திசை வரைந்தால் போதும், 40. இது வெறும் நடை மட்டும். வாள் வீச்சு, அடி வாங்குவது, விழுவது எல்லாம் தனி. இப்போது அவனுக்குப் புதுக் கவசம் மாட்டுங்கள்: அத்தனையையும் திரும்ப வரைய வேண்டும். 3டியில் எலும்புக்கூடும் அசைவும் ஒருமுறை செய்தால் போதும், கவசத்தை மட்டும் மாற்றலாம். பல 2டி ஆர்பிஜிக்களில் எத்தனை விலையுயர்ந்த கவசம் வாங்கினாலும் ஆள் அதே சட்டையோடு நிற்பது இதனால்தான். டயாப்லோ 2 (2000) இதற்கு ஒரு வழி கண்டது: தலை, உடல், கை, கால், ஆயுதம் என்று தனித்தனித் துண்டுப் படங்களை அடுக்கி ஒரு ஆளைக் காட்டியது. அந்தத் துண்டுகளும் 3டி மாடலிலிருந்து எடுத்த படங்களே.

அதனால் இரண்டும் எதிரெதிர் முகாம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஸீனோகியர்ஸ் (1998) 3டி ஊருக்குள் 2டி ஆட்களை விட்டது. கேமராவைச் சுற்றலாம், ஆனால் கிட்டே வந்தால் ஆட்கள் கட்டம் கட்டமாகத் தெரிவார்கள். ஆக்டோபாத் டிராவலர் (2018) அதே கலவைதான், ஆனால் கேமராவைச் சுற்ற விடவில்லை. எங்கிருந்து பார்ப்போம் என்பது முன்பே தெரிவதால் ஒவ்வொரு தெருவையும் ஓவியம் போல அமைக்க முடிந்தது. என் கருத்தில் கேமரா யார் கையில் இருக்கிறது என்பதுதான் பெரிய வித்தியாசம். கேமரா எங்கள் கையில் இருந்தால், நீங்கள் எதை முதலில் பார்க்க வேண்டும் என்பதை நாங்கள் தீர்மானிக்கலாம்.

---

நிழல்வாசி:

எனக்கு இது ரசனைப் பிரச்சினை இல்லை, தலைசுற்றல். கண் நகர்கிறது என்று சொல்கிறது, காது உள்ளே இருக்கும் சமநிலை உறுப்பு இல்லை என்கிறது. தோளுக்குப் பின்னால் வரும் கேமரா என்றால் சீக்கிரமே குமட்டல். மோஷன் பிளர் (நகரும்போது படம் மங்குவது), கேமரா குலுக்கல் இரண்டையும் அணைத்து, பார்வைக் கோணத்தை அகலமாக வைத்தால் ஓரளவு தாங்குகிறது. மேலிருந்து பார்க்கும் கேமரா என்றால் 3டியும் பரவாயில்லை. பால்டர்ஸ் கேட் 3ஐ அப்படித்தான் முடித்தேன். உங்களுக்கும் அப்படி ஏதாவது இருந்தால் யோசிக்கவே வேண்டாம், 2டி.

---

மெல்லநடை:

மூவருக்கும் நன்றி. தலைசுற்றல் எனக்கு இல்லை.

படிக்கட்டு சொன்ன லிஃப்ட் அனுபவத்தை நான் மறுக்கவே முடியாது, அது 3டிக்கு மட்டுமே உரியது. ஆனால் டார்க் சோல்ஸ் உலகமே அந்த உயரத்துக்காகக் கட்டப்பட்டது. டிராகன் குவெஸ்டின் வேர் அப்படி இல்லையே. 1986இல் முதல் பாகம் வந்தபோதே மேலிருந்து பார்க்கும் உலகம், ஊர் ஊராகப் போய் ஆட்களிடம் பேசுவது. எட்டுத்திசை சொன்ன கேமரா விஷயம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. எனக்கு ஒருவர் காட்டக் காட்டப் பார்ப்பது பிடிக்கிறது. அங்கே கிணறு, இங்கே குழந்தை, இந்த வீட்டின் பின்னால் ஒரு பெட்டி என்று.

2டியிலேயே தொடங்குகிறேன். ஒரே ஒரு கேள்வி: சண்டைகளில் ஏதாவது வேறுபாடு உண்டா?

---

படிக்கட்டு:

உண்டு, இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். 3டியில் எதிரிகள் வெளியில் உலாவுவது தெரியும். வேண்டாம் என்றால் சுற்றிப் போகலாம். 2டியில் பழைய முறை, நடந்துகொண்டிருக்கும்போதே திடீரென்று சண்டை தொடங்கும். அது உங்களுக்கு ஒத்துவருமா என்று முதல் சில பகுதிகளிலேயே தெரிந்துவிடும். மாற்ற நினைத்தால் அப்போதே மாற்றுங்கள், திரும்ப ஆட வேண்டியது குறைவாக இருக்கும்.

அப்புறம் டிக்கிங்டன் என்ற ஊரைத் தவறவிடாதீர்கள். பழைய டிராகன் குவெஸ்ட் பாகங்களின் உலகங்களுக்குள் அங்கிருந்து போகலாம். அது மட்டும் 3டியில் ஆடுபவர்களுக்கும் 2டிதான்.